கோப்பைத் திறந்து காட்டினால் கஜானா காலியாகுமா?

கேள்வி இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஆதாரம் திரட்டும் விதிகளை மாற்றப் போவதாக அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் சொன்னவுடனே "இதனால் மக்கள் வரிப்பணம் எத்தனை கோடி போகும்" என்று ஒரு சண்டை கிளம்புகிறதே, அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம்?

பதிலை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விளக்கத்துக்கு வருகிறேன். அந்தக் கணக்கில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் பொய் இல்லை. விதி மாறியதும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எத்தனை ஆள் கூடுதலாக வேண்டும், போலீஸுக்கு எவ்வளவு ஓவர்டைம், வீடியோக்களைச் சேமித்து வைக்க எவ்வளவு என்பதையெல்லாம் ஓரளவு சரியாகவே பிடித்துவிடுவார்கள். ஆனால் பழைய விதியால் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற பணம் வேறொரு அலுவலகத்தின் ஏட்டில், பல சமயம் பத்து இருபது வருடம் தள்ளி எழுதப்படுகிறது, அதனால் மசோதாவோடு வைக்கும் நிதித் தாளில் அது தலைகாட்டவே காட்டாது. வரவை விட்டுவிட்டுச் செலவை மட்டும் எழுதிய கணக்கு என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்வேன்.

எந்த விதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டையில் பாதி அங்கேதான் குழம்புகிறது. 1963இல் பிரேடி எதிர் மேரிலாண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்றது. அதை வைத்து "எல்லாக் கோப்பும் கிடைக்கும்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. 1977இல் வெதர்ஃபோர்ட் எதிர் பர்சி வழக்கில் அதே நீதிமன்றம், குற்ற வழக்கில் டிஸ்கவரிக்கு, அதாவது எதிராளி கையில் இருப்பதைக் கேட்டுப் பார்ப்பதற்கு, பொதுவான அரசியலமைப்பு உரிமை எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆக பிரேடி என்பது அடித்தளம் மட்டும்தான். அதற்கு மேல் எவ்வளவு தருவது, எப்போது தருவது, வழக்கு விசாரணைக்கு முன்பே சாட்சியை உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாமா, தனியார் நிறுவனத்திடம் ஆவணம் கேட்டு சம்மன் அனுப்பலாமா, நிபுணருக்கு யார் பணம் கொடுப்பது, இதெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் தானாக முடிவு செய்வது. ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுப்பவர் வேறு.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. அரசு என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறோம், பணப்பை ஒன்று இல்லை. பொதுவாக அரசு வழக்கறிஞர் கவுன்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதியின் பட்ஜெட்டில் இருப்பார், போலீஸ் நகராட்சி பட்ஜெட்டில், விசாரணைக் கைதி இருக்கும் ஜெயில் மறுபடியும் கவுன்டி, தண்டனைக் கைதி இருக்கும் சிறை மாநிலம், ஆய்வகம் பெரும்பாலும் மாநிலம். தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பது மாநிலமாகவும் இருக்கலாம், நகராட்சியின் காப்பீட்டு நிதியாகவும் இருக்கலாம். பப்ளிக் டிஃபெண்டர், அதாவது வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசுச் செலவில் வாதாடுபவர், சில மாநிலங்களில் மாநில ஊழியர், சிலவற்றில் கவுன்டி ஊழியர். விதியை மாற்றினால் இவர்களில் ஒருவர் செலவு ஏறும், இன்னொருவர் செலவு இறங்கும். ஏறுகிறவர் சட்டமன்றக் குழு முன் வந்து உட்கார்ந்து சத்தம் போடுவார். இறங்குகிறவருக்குத் தனக்கு மிச்சமாகப் போகிறது என்பதே பல நேரம் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார், சொன்னால் அடுத்த வருடம் பட்ஜெட்டில் அதை வெட்டிவிடுவார்களே!

நியூயார்க்கைப் பார்ப்போம், சமீபத்தில் இதைவிடப் பெரிய சோதனை எங்கும் நடக்கவில்லை. அங்கே இருந்த பழைய சட்டத்துக்கு வக்கீல்கள் வைத்த பட்டப்பெயர் "கண்கட்டுச் சட்டம்". அரசுத் தரப்பு சாட்சிகள் முன்பு கொடுத்த வாக்குமூலங்களை, ஜூரிகள் பதவிப் பிரமாணம் எடுத்த பிறகு, அரசு வழக்கறிஞர் தொடக்க உரைக்கு எழுந்திருக்கும் முன் கொடுத்தால் போதும் என்றிருந்தது. அந்த நேரத்தில் கட்டுக் காகிதத்தை வாங்கி எதிர்த்தரப்பு வக்கீல், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல், என்ன படிப்பார்? அது ஒரு பக்கம் இருக்க, வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை விசாரணைக்கே போவதில்லை. 2012இல் மிசூரி எதிர் ஃப்ரை தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னபடி மாநில நீதிமன்றத் தண்டனைகளில் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிந்தவை. அப்படியானால் விசாரணை நாளில் கொடுக்கப்படும் ஆதாரம் நூற்றில் தொண்ணூற்று நான்கு பேருக்குக் கைக்கே வராது.

2019 ஏப்ரலில் நியூயார்க் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, 2020 ஜனவரி 1 முதல் புதிய விதியைக் கொண்டுவந்தது. அரசுத் தரப்பு கொடுக்க வேண்டியவை 21 வகையாகப் பட்டியலிடப்பட்டன. குற்றச்சாட்டு படிக்கப்பட்டு 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று முதலில் வைத்தார்கள், சில மாதத்திலேயே திருத்தி, காவலில் இருப்பவருக்கு 20 நாள், வெளியே இருப்பவருக்கு 35 நாள் என்று ஆக்கினார்கள். இதோடு இன்னொரு முடிச்சு. எல்லாம் கொடுத்துவிட்டேன் என்று சான்றிதழ் தாக்கல் செய்யாமல் அரசு வழக்கறிஞர் "விசாரணைக்குத் தயார்" என்று சொல்ல முடியாது. தயார் என்று சொல்லாத வரை கெடுக் கடிகாரம் ஓடும், சாதாரணமாக ஃபெலனி எனப்படும் பெரிய குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை ஜெயில் கிடைக்கக்கூடிய சிறு குற்றத்துக்கு 90 நாள். கெடு தாண்டினால் வழக்கு தள்ளுபடி.

சரி, இதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள்? சட்டம் நிறைவேறியபோது மாவட்ட அரசு வழக்கறிஞர்களுக்கென்று தனி நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை. கெடு வைத்தார்கள், தண்டனையும் வைத்தார்கள், ஆள் மட்டும் கொடுக்கவில்லை. அலுவலகங்கள் தடுமாறின. ஒரு சாதாரணக் கைது நடந்த இடத்தில் ஐந்தாறு போலீஸ்காரர் நின்றிருந்தால் ஐந்தாறு பாடி கேமரா வீடியோ, ஒவ்வொருவரின் குறிப்பேடு, 911 அவசர அழைப்பு ஒலிப்பதிவு, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் என்று தேடித் தேடிச் சேர்க்க வேண்டும். போலீஸ் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மூடி வைத்திருந்த 50-ஏ என்ற பிரிவை 2020 ஜூனில் தனியாக ரத்து செய்தார்கள், அதுவும் இந்தக் குவியலில் சேர்ந்தது. நியூயார்க் நகரத்தில் தள்ளுபடி விகிதம் நன்றாகவே ஏறியது, குறிப்பாகச் சிறு குற்ற வழக்குகளில். மாநிலம் பிறகு விழித்துக்கொண்டு அடுத்தடுத்த பட்ஜெட்டுகளில் கோடிக்கணக்கான டாலரை இதற்கென்று ஒதுக்கத் தொடங்கியது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். வழக்கு தள்ளுபடியானால் பட்ஜெட் தாளில் அது மிச்சம்! விசாரணை இல்லை, ஜூரி இல்லை, சிறை இல்லை. ஆனால் அடிபட்டவருக்கும் பொருளைப் பறிகொடுத்தவருக்கும் அது நஷ்டம், அந்த நஷ்டத்துக்குத் தாளில் இடம் கிடையாது. நான் இந்தச் சீர்திருத்தத்தின் பக்கம் நிற்கிறவன். அப்படியிருந்தும் சொல்கிறேன், பணம் கொடுக்காமல் கெடுவை மட்டும் வைத்தது சட்டமன்றத்தின் பொறுப்பின்மை. விதிக்கு ஆகும் செலவைக் கொடுக்க மறுத்தால் அந்தச் செலவு மறைந்துபோகாது, தள்ளுபடியான வழக்குகளாக வந்து நிற்கும்.

மறுபக்கம் ஒரு எண். நியூயார்க் நகரத்தின் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் 2021 நிதியாண்டுக்குச் சொன்ன கணக்குப்படி அந்த நகர ஜெயிலில் ஒருவரை ஓராண்டு வைத்திருக்க 5,56,539 டாலர். ஒரு நாளைக்கு 1,500 டாலருக்கு மேல். அங்கே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானவர் விசாரணைக் கைதிகள், இன்னும் தண்டிக்கப்படாதவர்கள். ஆதாரம் சீக்கிரம் கைக்கு வந்தால் வழக்கு சீக்கிரம் முடியும், குற்றவாளி என்றாலும் சீக்கிரம் ஒப்புக்கொள்வார், ஏனென்றால் தன் முகம் வீடியோவில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரிந்துவிடும். ஒருவருக்கு இருபது நாள் குறைந்தாலே 30,000 டாலர் என்று சீர்திருத்தக்காரர்கள் உடனே பெருக்கிக் காட்டுவார்கள்.

அந்தப் பெருக்கலிலும் ஓட்டை உண்டு. ஒருவர் வெளியே போனதால் காவலர் சம்பளம் குறையாது, கட்டடத்தின் மின்கட்டணம் அப்படியே குறையாது. மிச்சமாவது அவர் சாப்பாடும் மருந்தும்தான். ஒரு பிளாக்கையே மூடும் அளவுக்கு ஆள் குறைந்தால்தான் பெரிய தொகை மிச்சம். சராசரிச் செலவையும் கடைசி ஆள் ஒருவருக்கு ஆகும் செலவையும் கலக்கிப் பேசுவது இரண்டு தரப்புக்கும் உள்ள வியாதி. அரசு வழக்கறிஞர்கள் "ஒவ்வொரு கோப்புக்கும் இத்தனை மணி நேரம்" என்று இதே வித்தையைத்தான் எதிர்ப்பக்கம் செய்கிறார்கள், ஒரு முறை மென்பொருள் வாங்கி வைத்தால் இரண்டாவது கோப்புக்கு ஆகும் நேரம் குறையும் என்பதைச் சொல்லாமல். இதோடு நியூயார்க் கணக்கைச் சுத்தமாகக் கலைத்துப்போட்டது கொரோனா. விதி வந்து மூன்றாவது மாதத்தில் நீதிமன்றங்கள் மூடின, கெடுக் கடிகாரமே நிறுத்தி வைக்கப்பட்டது, அதே ஜனவரியில் ஜாமீன் சட்டமும் மாறியிருந்தது. எது எதனால் ஆனது என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

ஃபுளோரிடா வேறு வகை. அங்கே பெரிய குற்ற வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சிகளை விசாரணைக்கு முன்பே அழைத்து, சத்தியம் வாங்கி, சுருக்கெழுத்தர் முன்னிலையில் கேள்வி கேட்கலாம். டெபாசிஷன் என்பார்கள். சிறு குற்றமென்றால் நீதிபதியின் அனுமதி வேண்டும். சிவில் வழக்கில் இது எங்கும் நடக்கிற விஷயம், குற்ற வழக்கில் சில மாநிலங்களில் மட்டும்தான், மத்திய நீதிமன்றங்களில் சாட்சி பின்னால் வர முடியாமல் போகலாம் என்பது போன்ற விதிவிலக்கான நிலையில்தான். செலவு கண்ணுக்குத் தெரிகிறது: சுருக்கெழுத்தர் கட்டணம், எழுத்துப்படிக்குப் பக்கத்துக்கு இவ்வளவு, மொழிபெயர்ப்பாளர், வந்து உட்காரும் போலீஸ்காரருக்கு ஓவர்டைம். 1998இல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 2004 ஜூலை முதல் இந்தச் செலவுகளில் பெரும்பகுதி கவுன்டியிடமிருந்து மாநிலத்துக்கு மாறியது. மாநிலக் கருவூலத்தில் தனித்தலைப்பாக வந்த பிறகு, வெட்டுவதற்குக் கத்தி எடுப்பவர்களுக்கு அது எளிதான இலக்கு. "டெபாசிஷனை நிறுத்தினால் இவ்வளவு மிச்சம்" என்ற வாக்கியம் தானாக எழுதிக்கொள்கிறது. டெபாசிஷனில் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி தடுமாறியதைப் பார்த்து அரசு வழக்கறிஞரே கைவிட்ட வழக்குகள் எத்தனை, ஐந்து நாள் ஜூரி விசாரணை எத்தனை நடக்காமல் போனது என்று அந்தக் கருவூலத் தலைப்பில் எங்கே எழுதுவார்கள்?

இனி டெக்சஸ். மைக்கேல் மார்ட்டன் தன் மனைவியைக் கொன்றதாக 1987இல் ஆயுள் தண்டனை பெற்றவர். அவருடைய மூன்று வயது மகன், அம்மாவை அடித்தது ஒரு ராட்சசன், அப்பா அப்போது வீட்டில் இல்லை என்று பாட்டியிடம் சொல்லியிருந்தான். பாட்டி அதைப் போலீஸிடம் சொன்னார், அது எழுத்தில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பச்சை வேன் சுற்றியதாக அக்கம்பக்கத்தார் சொன்னதும் எழுத்தில் இருந்தது. எதுவும் எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. வீட்டருகே கிடைத்த ஒரு கைக்குட்டையின் மரபணுச் சோதனை அவரை 2011இல் விடுவித்தது, கிட்டத்தட்ட 25 ஆண்டு கழித்து. அந்தச் சோதனை வேண்டாம் என்று அரசுத் தரப்பு ஆண்டுக்கணக்கில் எதிர்த்தது, அந்த எதிர்ப்புக்கும் மக்கள் பணம்தான்.

கணக்குப் பார்ப்போம். டெக்சஸில் தவறாகச் சிறையில் இருந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் இழப்பீடு 80,000 டாலர், அதற்கு மேல் வாழ்நாள் ஓய்வூதியம் போல ஒரு தொகை. 25 ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர், ஓய்வூதியம் தனி, 25 ஆண்டு சிறைச் செலவு தனி. ஆனால் இந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாத செலவு வேறு. உண்மைக் கொலையாளி மார்க் ஆலன் நார்வுட், மார்ட்டன் கைதான பிறகு, 1988 ஜனவரியில் ஆஸ்டினில் டெப்ரா பேக்கர் என்ற இன்னொரு பெண்ணைக் கொன்றான். பச்சை வேனைப் போலீஸ் துரத்தியிருந்தால் அது தடுக்கப்பட்டிருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. துரத்தக் காரணம் இருக்கிறது என்று கேட்கக்கூடிய ஒரே ஆளான எதிர்த்தரப்பு வக்கீலிடம் அந்தத் தாள் போகவில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

2013இல் டெக்சஸ் மார்ட்டன் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது, 2014 ஜனவரி 1 முதல் அமல். எதிர்த்தரப்பு கேட்டால் போலீஸ் அறிக்கை, சாட்சி வாக்குமூலம் எல்லாவற்றையும் முடிந்தவரை சீக்கிரம் கொடுக்க வேண்டும், என்ன கொடுத்தோம் என்று எழுத்தில் பதிய வேண்டும். அங்கேயும் கவுன்டிகள் ஸ்கேனர், சர்வர், எழுத்தர் என்று புலம்பின. புலம்பல் நியாயமானதே, குறிப்பாக ஒரு வழக்கறிஞரும் ஒரு உதவியாளரும் மட்டும் இருக்கிற கிராமப்புற கவுன்டிகளில். ஆனால் நியூயார்க் போலக் கெடுத் தண்டனையோடு கட்டாததால் அங்கே பெரிய தள்ளுபடி அலை எதுவும் வரவில்லை. கொடுக்கச் சொல்வது ஒரு விதி, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு விதி, இரண்டின் விலையும் வேறு வேறு. இந்தச் சண்டையில் பலர் தவறவிடுகிற இடம் இது.

மறைத்தவர் என்ன கொடுத்தார் என்று கேட்கலாம். மார்ட்டன் வழக்கின் அரசு வழக்கறிஞர் கென் ஆண்டர்சன் பின்னாளில் நீதிபதியானவர். 2013இல் அவருக்குக் கிடைத்தது 10 நாள் ஜெயில், 500 டாலர் அபராதம், வக்கீல் உரிமம் போனது. அவ்வளவு கூட அபூர்வம். 1976இல் இம்ப்ளர் எதிர் பாக்ட்மன் தீர்ப்பு அரசு வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றப் பணி தொடர்பாக முழு விலக்குக் கொடுத்துவிட்டது, அவர்கள் மேல் தனிப்பட்ட முறையில் நஷ்ட ஈடு வழக்குப் போட முடியாது. அலுவலகத்தின் மேல் போடலாமே என்றால் நியூ ஆர்லியன்ஸின் ஜான் தாம்சன் கதை இருக்கிறது. மரண தண்டனைக் கைதியாக 14 ஆண்டு உட்பட 18 ஆண்டு சிறை. ஒரு ரத்தக்கறையின் ஆய்வக அறிக்கை மறைக்கப்பட்டிருந்தது, மரண தண்டனை நிறைவேற்றும் தேதிக்குச் சில வாரம் முன்பு, 1999இல், எதிர்த்தரப்பின் புலனாய்வாளர் ஒருவர் அதைத் தோண்டி எடுத்தார். ஜூரி 1.4 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. பொதுக் கணக்கில் பார்த்தால் அலுவலகத்துக்கு 1.4 கோடி மிச்சம்! அந்தச் செலவை ஒரு தனி மனிதர் தன் பதினெட்டு வருடத்தால் கட்டினார். "விதியை மாற்றாவிட்டால் செலவில்லை" என்பவர்கள் சொல்லும் மிச்சத்தில் இப்படிப்பட்டவையும் சேர்த்தி.

இது ஒன்றிரண்டு விபத்து என்று தள்ள முடியாது. தவறான தண்டனைகளைத் தொகுக்கும் தேசியப் பதிவேடு முதல் 2,400 விடுதலைகளை வைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 44 சதவீத வழக்குகளில் சாதகமான ஆதாரம் மறைக்கப்பட்டிருந்தது.

எதிர்த்தரப்பின் செலவைப் பற்றியும் பேச வேண்டும், அது எப்போதும் கடைசியில்தான் வருகிறது. கோப்பைக் கொடுத்தால் மட்டும் போதுமா, யாராவது படிக்க வேண்டாமா? 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் என்ற விளையாட்டின் வீரர்கள் மீதான பாலியல் வழக்கு நினைவிருக்கலாம். வட கரோலினா 2004இல்தான் திறந்த கோப்பு விதியை, அதாவது அரசுத் தரப்பின் முழுக் கோப்பையும் எதிர்த்தரப்புக்குக் காட்டச் சொல்லும் விதியைக் கொண்டுவந்திருந்தது, மறைத்த ஆதாரத்தால் மரண தண்டனை பெற்ற ஆலன் ஜெல் மறுவிசாரணையில் விடுதலையான அதே ஆண்டு. அந்த விதி இருந்ததால் ஆய்வகத்தின் மூலத் தரவுகள் எதிர்த்தரப்புக்குக் கிடைத்தன, கிட்டத்தட்ட 1,800 பக்கம். ஒரு வக்கீல் மரபணுப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து படித்து, வேறு ஆண்களின் மரபணு கிடைத்ததும் அது அறிக்கையில் சொல்லப்படாததும் தெரியவந்தது. வழக்கு சரிந்தது, அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் 2007இல் உரிமம் இழந்தார். அந்த வீரர்களின் பெற்றோருக்குப் பணம் இருந்தது, அதனால் அந்த மணி நேரங்களும் இருந்தன. ஒரே நேரத்தில் நூறு கோப்பு வைத்திருக்கும் பப்ளிக் டிஃபெண்டர் கையில் அதே 1,800 பக்கம் போயிருந்தால்?

1973இல் ஒரு தேசியக் குழு வைத்த வரம்பு, ஒரு வக்கீலுக்கு ஆண்டுக்கு 150 பெரிய குற்ற வழக்கு. பாடி கேமராவும் கைபேசித் தரவும் இல்லாத காலம் அது. 2023இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு, சராசரியாக ஒரு கொலை வழக்குக்கு 248 மணி நேரம், பெரிய குற்றங்களிலேயே லேசான வகைக்கு 35 மணி நேரம் என்றது. ஆண்டுக்கு 2,080 வேலை மணி நேரத்தை 35ஆல் வகுத்தால் 59 வழக்கு, 150 எங்கே 59 எங்கே! ஒரு மணி நேர வீடியோவைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும், ஆறு கேமரா என்றால் ஆறு மணி நேரம், இதில் குறுக்குவழி கிடையாது. டிஸ்கவரி விதியைத் திறந்துவிட்டு டிஃபெண்டர் அலுவலகத்துக்கு ஆள் கொடுக்காத மாநிலம், படிக்க ஆளில்லாத நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டிருக்கிறது. நிதித் தாளில் அரசுத் தரப்புக்கு மட்டும் பணம் போட்டு எதிர்த்தரப்புக்குப் பூஜ்யம் போட்டிருந்தால் அந்த மசோதா பாதி காகிதத்தில்தான் அமலாகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"செலவு தாங்காது" என்ற அபாயச் சங்கு எத்தனை தடவை பொய்த்தது என்றும் பார்க்கலாம். 2009இல் மெலெண்டஸ் டயஸ் எதிர் மாசசூசெட்ஸ் வழக்கு. போதைப்பொருள் ஆய்வக நிபுணர் சான்றிதழ் அனுப்பினால் போதாது, எதிர்த்தரப்பு கேட்டால் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும் என்று 5க்கு 4இல் தீர்ப்பு. ஆய்வகங்கள் முடங்கிவிடும், நிபுணர்கள் நாள் முழுக்க நீதிமன்ற வராந்தாவில் நிற்பார்கள் என்று சிறுபான்மை நீதிபதிகள் எச்சரித்தார்கள். ஏற்கெனவே பல மாநிலங்களில் இப்படித்தான் நடக்கிறது, அங்கே வானம் இடிந்து விழவில்லையே என்று நீதிபதி ஸ்காலியா பெரும்பான்மைத் தீர்ப்பில் பதில் எழுதினார். செலவு கூடியது உண்மை, முடங்கவில்லை என்பதும் உண்மை. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அதே மாசசூசெட்ஸில், ஆனி டூக்கன் என்ற ஆய்வக வேதியியலாளர் சோதிக்காமலே சோதித்ததாக எழுதி வந்தது 2012இல் வெளியே வந்தது. 2017இல் 21,000க்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகளை மாநிலம் கைவிட வேண்டியிருந்தது. இத்தனை வழக்கிலும் கைது, ஆய்வகம், வக்கீல், நீதிபதி, சிறை என்று ஒரு தடவை செலவழித்து, அதையெல்லாம் கலைக்க இன்னொரு தடவை செலவழித்தார்கள். மாதிரியை மறுசோதனை செய்ய எதிர்த்தரப்புக்கு வழக்கமாகவே பணமும் வழியும் இருந்திருந்தால் இத்தனை ஆயிரம் வரை போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

விதியை இறுக்கினால் செலவு குறையும் என்பதும் அப்படியே நம்பக்கூடியதல்ல. கலிஃபோர்னியா 1990இல் 115ஆம் முன்மொழிவை வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. எதிர்த்தரப்பும் தன் சாட்சிகள் பட்டியலை அரசுத் தரப்புக்குக் கொடுக்க வேண்டும், பூர்வாங்க விசாரணையில் சாட்சிக்குப் பதில் அனுபவமுள்ள போலீஸ் அதிகாரியே வந்து சாட்சி சொன்னதைச் சொல்லலாம் என்பது அதில் இருந்தது. நேரமும் பணமும் மிச்சமாகும் என்று பிரச்சாரம். வாக்காளர் கையேட்டில் அதன் நிதித் தாக்கத்தைப் பற்றி எழுதியவர்கள், நிகரத் தாக்கம் தெரியாது என்றுதான் எழுதினார்கள். நேர்மையான பதில். தெற்கு டகோட்டா 2016இல் பாதிக்கப்பட்டவர் உரிமைகளை மார்சி சட்டம் என்ற பெயரில் அரசியலமைப்பில் சேர்த்தது, எதிர்த்தரப்பின் நேர்காணலுக்கு மறுக்கும் உரிமையும் அதில் ஒன்று. கவுன்டிகளின் அறிவிப்பு வேலையும் செலவும் ஏறியதால் 2018இல் மறுபடி வாக்கெடுப்பு நடத்தித் திருத்த வேண்டியதாயிற்று. சாட்சியிடம் முன்பே பேச முடியாத வக்கீல் நீதிமன்றத்தில் வைத்துத்தான் எல்லாவற்றையும் கேட்பார், அதுவும் ஜூரி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்.

நியூயார்க் 2025இல் பட்ஜெட்டோடு சேர்த்துத் தன் விதியை மறுபடி திருத்தியது. சின்னச் சின்ன விடுபடல்களுக்காக வழக்கு தள்ளுபடி ஆகாமல் நீதிபதிக்கு அதிக இடம் கொடுத்தார்கள், சான்றிதழில் குறை இருந்தால் எதிர்த்தரப்பு அதை எழுப்பக் கெடுவும் வைத்தார்கள். என் பார்வையில் திருத்தம் தேவைதான், ஆனால் ஐந்து வருடம் முன்பே பணமும் ஆளும் கொடுத்திருந்தால் இதில் பாதி தேவைப்பட்டிருக்காது.

உங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு மசோதா வந்தால் நிதித் தாளை எடுத்து முதலில் யார் கொடுத்த எண்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அரசு வழக்கறிஞர் சங்கமும் போலீஸ் துறையும் கொடுத்தவையாக இருக்கும், அதில் தப்பில்லை, ஆனால் டிஃபெண்டர் அலுவலகத்திடமும் ஜெயில் நிர்வாகத்திடமும் கேட்டார்களா என்பது முக்கியம். விசாரணைக் கைதிகள் சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு கவுன்டி ஜெயிலில் இருக்கும். கடந்த பத்து ஆண்டில் தவறான கைதுக்கும் தவறான தண்டனைக்கும் சமரசமாகக் கொடுத்த தொகை நகராட்சியின் சட்டப் பிரிவிலும் காப்பீட்டுக் கணக்கிலும் இருக்கும், அந்தப் பொது ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். இந்த இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு போய் குழுக் கூட்டத்தில் "இவை ஏன் தாளில் இல்லை" என்று கேளுங்கள். செலவைச் சொல்ல வந்திருப்பவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே மிச்சம் புரிந்துவிடும்.